ஏரிமேல் கிளை நட்ட பாதை

உறைந்த ஏரியில் ஐஸ் மெல்லியதாக இருக்கும் இடத்தில்தான் ஆபத்து என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூட வாத்தியார்களும் பாதிரிமார்களும் கலைக்களஞ்சியம் தொகுப்பவர்களும் கூட்டாகச் சேர்ந்து பரப்பிவிட்ட இந்தப் பிழையை இனியும் பொறுத்துக்கொண்டிருப்பது முறையல்ல. டிசம்பரில் ஒரு சாண் தடிமனில் கறுத்துக் கிடக்கும் ஐஸ், குதிரையையும் வண்டியையும் வண்டிக்குள் உட்கார்ந்து பாடுகிறவரையும் சேர்த்துத் தாங்கும். மார்ச்சில் ஒரு முழத் தடிமன் உள்ள ஐஸ் ஒரு நாயைத் தாங்காது. வெயில் அதை மேலிருந்து உருக்குவதில்லை. உள்ளே இறங்கி, நெட்டுக்குத்தாக இழை இழையாகப் பிரித்துவிடுகிறது. கட்டி வைத்த மெழுகுவத்திகள் மாதிரி அது நிற்கும். கட்டின கயிறு மட்டும் இருக்காது. இன்னொன்றும் சொல்லவேண்டும். நல்ல ஐஸ் சத்தம் போடும். குளிரில் விம்மும், வெடிக்கும், நடுச்சாமத்தில் பீரங்கிபோல் அதிரும். கெட்டுப்போன ஐஸ் வாயைத் திறக்காது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இந்தத் தகவலால் பயன் ஏதும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1852ஆம் வருஷம் மார்ச் மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை, அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டிங்லி என்ற ஊரில், ஊரார் கூடி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் வருஷாந்திரக் கூட்டத்தின் முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அமாசா ஹோபர்ட்டுக்கு இந்த உண்மை வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும். அவர் ஐஸ் வியாபாரி. டிங்லி ஏரியில் அவர் அறுத்த கட்டிகள் ரயிலில் பாஸ்டன் போய், மரத்தூளில் புதைந்து கப்பலேறி, நாலு மாதம் கடலில் கிடந்து, சென்னைப் பட்டணத்துத் துரைமார்களின் கோப்பையில் விழுந்ததுண்டு. ஆகையால் இந்தக் கதையில் நமக்கும் ஒரு துளி பங்கு இருக்கிறது. ஐஸ் வியாபாரத்தோடு அவர் ஊரின் மூன்று நிர்வாகிகளில் ஒருவர். ஏழு வருஷமாக அந்த நாற்காலியில் இருக்கிறார். எட்டாவது வருஷமும் இருக்கவேண்டும் என்ற ஆசையில் போன சனிக்கிழமை அவர் ஒரு காரியத்தைச் செய்யாமல் விட்டிருந்தார். செய்த காரியங்களுக்காகப் பயப்படுவது ஒரு வகை. செய்யாமல் விட்ட காரியத்துக்காகப் பயப்படுவது வேறு வகை. அதற்கு ஆரம்பமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது, எங்கே பிடித்து நிறுத்துவது என்று தெரியாது.

மணி பத்தரை. சுவரில் இருந்த கடிகாரம் அதைத்தான் சொன்னது. அமாசா தன் பைக்கடிகாரத்தையும் எடுத்துப் பார்த்தார், அதுவும் அதையேதான் சொன்னது, இரண்டும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி. கிழக்குக் கரை ஆட்கள் ஒன்பதரைக்கு வந்திருக்கவேண்டும். பதினெட்டுப் பேர். ஒவ்வொரு வருஷமும் மூன்று சறுக்கு வண்டிகளில் ஏரியைக் கடந்து, குதிரைக் கழுத்து மணிகள் குலுங்க, பாட்டும் சிரிப்புமாக வந்து கதவைத் தள்ளிக்கொண்டு நுழைவார்கள். பதினெட்டும் அவருடைய ஓட்டு. போன வருஷம் தோல் பதனிடுகிற நேதன் கார்ட்லண்டை அவர் ஜெயித்தது பதினொரு ஓட்டில். பதினெட்டில் பதினொன்று போனால் ஏழு, என்று மனசு கணக்குப் போட்டது. உடனே அந்தக் கணக்கைப் பார்த்து அவருக்கே அருவருப்பாக இருந்தது, ஏனென்றால் பதினெட்டு என்பது ஓட்டு மட்டும் அல்ல, லெமுவல் பிளேக், அவனுடைய இரண்டு அண்ணன்மார், மாவுமில் ஓட்டுகிற ஆஷர், மூக்கால் பேசுகிற பெரிய டட்லி, சின்ன டட்லி, என்று ஒவ்வொருவராகத் தொப்பியும் தாடியுமாக வந்து நின்றார்கள், எல்லாருடைய தாடியிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. லெமுவல் அவர் மனைவி ஹெப்சிபாவின் தம்பி. நம்மிடம் இருக்கிற மைத்துனன், மச்சான் போன்ற நல்ல சொற்கள் அந்த ஊரில் புழக்கத்தில் இல்லை. அங்கே பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கூட்டம் முடிந்ததும் லெமுவல் சாப்பிட வருவான் என்று நேற்று ராத்திரியே ஹெப்சிபா மொச்சையைப் பன்றிக்கறியோடு அடுப்புக்குள் வைத்துவிட்டாள். காலையில் வீடு முழுக்க அந்த மணம். அந்த மணத்துக்குள் உட்கார்ந்துதான் அவர் கழுத்துத் துணியைக் கட்டிக்கொண்டார், இல்லை, அவள்தான் கட்டிவிட்டாள், எப்போதும்போல் ஒரு சுற்று இறுக்கமாக.

ஏரிமேல் பாதை என்றால் வேறொன்றுமில்லை, நாற்பது தப்படிக்கு ஒரு தேவதாருக் கிளை. ஜனவரியில் ஐஸில் துளை போட்டு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை வரிசையாக நட்டுவைப்பார்கள். பனி கொட்டுகிற நாளில் வானமும் ஏரியும் ஒன்றாகிவிடும்போது, ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று போய்ச் சேரலாம். கிளை நிற்கிறவரை பாதை உண்டு. ஐஸ் கெடத் தொடங்கியதும் நிர்வாகி ஆள் அனுப்பிக் கிளைகளைப் பிடுங்கிவிடுவார். கிளை இல்லையென்றால் பாதை இல்லை. சிறு குழந்தைக்கும் தெரிந்த விஷயம். மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரோ விறகுக்காக நாலு கிளையைப் பிடுங்கிக்கொண்டு போனதும், நிர்வாகியின் உத்தரவில்லாமல் கிளையை நடுவதும் பிடுங்குவதும் குற்றம் என்று ஊர் விதி எழுதப்பட்டது. எழுதியவர் அமாசாதான். அந்த வாக்கியத்தில் அவருக்கு ரகசியமான பெருமை உண்டு. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றமுடியாது. போன சனிக்கிழமை அவர் தனியாக ஏரிக்குப் போனார். இரும்புப் பூண் போட்ட கைத்தடியை மூன்றாவது கிளைக்குப் பக்கத்தில் ஊன்றினார். அது முழங்கை ஆழம் இறங்கியது. சத்தமே இல்லை. வெல்லப்பாகில் கரண்டி இறங்குவதுபோல் இறங்கியது, துளையில் சாம்பல் நிறத்தில் தண்ணீர் மேலே வந்து அவரைப் பார்த்தது. அப்போதே ஆளைக் கூப்பிட்டிருக்கவேண்டும். கிளைகளைப் பிடுங்கியிருந்தால் கிழக்குக் கரைக்காரர்கள் கரையைச் சுற்றிப் பதினோரு மைல் சேற்றில் வரவேண்டும். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்காகப் பதினோரு மைல் சேறு மிதிக்கிறவன் உலகத்தில் உண்டா? ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூன்றே நாள் என்று நினைத்தார். ராத்திரி குளிர்ந்தால் மறுபடி இறுகிக்கொள்ளும் என்று நினைத்தார். ஐஸ் வியாபாரி அப்படி நினைக்கக்கூடாது, அப்படி இறுகாது என்று அவருக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு நினைத்தது ஐஸ் வியாபாரி அல்ல. தடியைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கதவோரம் சாய்த்து வைத்தார். “தடி நனைஞ்சிருக்கே,” என்றாள் ஹெப்சிபா. பனிக்குவியலில் விழுந்துவிட்டது என்றார். அவள் தடியைப் பார்த்தாள், எந்த உயரம்வரை நனைந்திருக்கிறது என்று பார்த்தாளா, வெறுமனே பார்த்தாளா, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஐஸ்காரன் பெண்டாட்டி, இருபத்தாறு வருஷமாக.

மேடையில் கூட்டத் தலைவர், சர்ச்சுப் பெரியவரான டீக்கன் யூரியா ஸ்டோன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த அலுவலைப் படித்தார். வழக்கமாக நிர்வாகிகள் தேர்தல்தான் முதலில். நேற்று மாலை அமாசா டீக்கன் வீட்டுக்குப் போய், சில்லறைப் பதவிகளை முன்னால் முடித்துவிட்டால் என்ன என்று பக்குவமாகக் கேட்டுவைத்திருந்தார்; கிழக்குக் கரைக்காரர்கள் வந்துசேர அவகாசம் கிடைக்குமே என்று. டீக்கன் தலையை ஆட்டியிருந்தார். இப்போது அந்த அவகாசம் முழுவதையும் அமாசாவே உட்கார்ந்து அனுபவித்துக்கொண்டிருந்தார். வேலி பார்வையாளர் ஆயிற்று. விறகு அளப்பவர் ஆயிற்று. இனி பன்றிக் காவலர். தெருவில் திரியும் பன்றிகளைப் பிடிக்கிற பதவி. அந்த வருஷம் கடைசியாகக் கல்யாணம் ஆன மாப்பிள்ளையை அதற்குத் தேர்ந்தெடுப்பது டிங்லி ஊரின் நூறு வருஷத்து வேடிக்கை. இந்த முறை ஜனவரியில் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட ஐம்பத்தெட்டு வயது வாத்தியார் ஆல்வா ஃபிஸ்க் அகப்பட்டார். எனக்கு மூட்டுவலி, பன்றி ஓடினால் என்ன செய்வது என்று அவர் முறையிட, பின்வரிசையிலிருந்து ஒருவன், “ஏன் வாத்தியாரே, வீட்டுல ஓடிப் பழகலையா?” என்றான். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. அமாசாவும் சிரித்தார். சிரிப்பு வாயிலிருந்து வந்ததே தவிர எங்கே உற்பத்தியானது என்று தெரியவில்லை. சிரிப்பு அடங்கியபோது ஜன்னல் பக்கமாகக் காதைக் கொடுத்துக் கேட்டார். மணிச் சத்தம் இல்லை. கூரை ஓரத்தில் பனி உருகிச் சொட்டுகிற சத்தம்தான். டொக், டொக். இத்தனை வெதுவெதுப்பான மார்ச்சை அவர் பார்த்ததில்லை. நடுவில் இருந்த இரும்பு அடுப்பைச் சுற்றி ஈரக் கம்பளியும் பூட்ஸ் தோலும் மனிதர்களும் ஆவி விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை அவருக்குத் தெரியும். நனைந்த குதிரையின் வாடை.

பத்தொன்பது வயதில் அப்பாவோடு ஐஸ் அறுக்கிற நாளில் பிரின்ஸ் என்ற குதிரை உள்ளே விழுந்தது. முன்னங்கால்கள் மட்டும் ஓரத்தில், கண் இரண்டும் வெள்ளையாக. ஐஸ்காரன் குதிரையின் கழுத்தில் எப்போதும் ஒரு சுருக்குக் கயிறு கிடக்கும். விழுந்தால் அதை இழுத்துக் குரல்வளையை நெரிக்கவேண்டும். நெரித்தால் உள்ளே போன மூச்சு வெளியே வராது, வயிறு உப்பும், குதிரை தோல்பைபோல் மிதக்கும், அப்புறம் பலகையைச் சாய்த்து இழுத்துவிடலாம். காப்பாற்றுவதற்காகக் கழுத்தை நெரிப்பது என்பது கேட்க விநோதமாக இருந்தாலும் அந்தத் தொழிலில் அன்றாட நடைமுறை. இழுடா, இழு என்று அப்பா கத்தினார். அமாசாவின் கையில் கயிறு இருந்தது. இழுக்கவில்லை. பிரின்ஸ் அவரையே பார்த்தது. எத்தனை நேரம் என்று இன்றுவரை தெரியாது, அப்பா ஓடிவந்து கயிற்றைப் பிடுங்கி இழுத்தார், குதிரை பிழைத்தது, ஒன்பது வருஷம் வாழ்ந்தது, ஆனால் அதற்கப்புறம் ஏரிக்கரைக்கு வந்ததும் நின்றுவிடும், சவுக்கால் அடித்தாலும் நகராது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்ற அந்தச் சில நொடிகளைப் பற்றி அப்பா யாரிடமும் சொல்லவில்லை. குதிரைக்குத்தான் கயிறு. மனிதனுக்கு அப்படி ஒன்று கிடையாது. லெமுவல் கனமான ஆள், இடுப்பில் கம்பளிமேல் கம்பளி போட்டிருப்பான், பூட்ஸ் முழங்கால்வரை. அமாசா கழுத்துத் துணிக்குள் இரண்டு விரலை விட்டுத் தளர்த்தினார்.

பின்னாலிருந்து பெப்பர்மின்ட் வாசனை குனிந்து வந்தது. தபால்காரர் ஜாபெஸ் க்விம்பி. வியாழக்கிழமைதோறும் கிழக்குக் கரைக்குத் தபால் கொண்டுபோகிறவர். பாட்டில் அடிபோல் தடித்த கண்ணாடி. ஐம்பது தப்படிக்கு மேல் எதுவும் தெரியாது. “என்ன அமாசா, ரொம்ப வேர்க்குதே,” என்றார் காதோரம். அடுப்புச் சூடு என்றார் அமாசா. ஜாபெஸ் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயை நீட்டினார், வாங்கிக்கொள்ளவேண்டியிருந்தது. பிறகு அவர் தன் பழைய பெருமையை ஆரம்பித்தார்: அவருக்கும் அவருடைய கிழட்டுக் குதிரைக்கும் சேர்த்து ஒன்றரைக் கண்தான், ஆனால் இந்தக் கிளைகள் இருக்கிறதே, ஒன்றைத் தாண்டுவதற்குள் அடுத்தது தெரிந்துவிடும், இந்தக் குளிர்காலம் முழுக்க லகானையே தொடவில்லை, அதுபாட்டுக்குக் கிளை கிளையாக மோந்துகொண்டே அக்கரைக்குப் போய்விடுகிறது. “உன் புண்ணியம்,” என்று அமாசாவின் தோளைத் தட்டினார். மிட்டாய் நாக்கில் ஐஸ்போல் எரிந்தது. அமாசா அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போதே எழுந்து சொல்லிவிடலாம். ஐஸ் கெட்டுவிட்டது, கயிறும் பலகையும் எடுங்கள் என்று. சொன்னால் எல்லாரும் ஓடுவார்கள். அவருடைய கொட்டகையிலேயே நீள்கொக்கிகள் இருபது இருக்கின்றன. ஓடுவதற்கு முன்னால் ஒருவன், அநேகமாக நேதன் கார்ட்லண்ட், திரும்பி நின்று கேட்பான்: உனக்கு எப்போது தெரியும்? சனிக்கிழமை. சனிக்கிழமை தெரிந்து செவ்வாய்க்கிழமைவரை கிளை ஏன் நின்றது? அந்தக் கேள்வி மண்டபத்தின் நடுவில் அடுப்புபோல் உட்கார்ந்திருக்கும். அதுவும் ஒருபக்கம் இருக்கட்டும். அவர்கள் ஒன்பது மணிக்குக் கிளம்பி நடு ஏரியில் இறங்கியிருந்தால் இப்போது சொல்லி என்ன பயன், ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, அந்தத் தண்ணீரில் கால் மணி நேரம் உயிர் தாங்குவதே அதிகம். இறங்கவில்லை, கிளம்பவே இல்லை, சோம்பலில் வீட்டில் இருந்துவிட்டார்கள் என்றால் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. ஆகவே இரண்டு வகையிலும் சொல்வது வீண். இந்த வாதத்தில் ஓட்டை இல்லை என்று அவருக்குத் திருப்தியாக இருந்தது. மூன்றாவதாக ஒரு வகை உண்டு என்று பிறகு தோன்றியது: அவர்கள் தாமதமாகக் கிளம்பி, இந்த நிமிஷம், மூன்றாவது வண்டி பதினாறாவது கிளையைத் தாண்டிக்கொண்டிருக்கலாம். திருப்தி போயிற்று. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். கிளம்பியிருந்தால், கிளம்பாதிருந்தால், கிளம்பிக்கொண்டிருந்தால். மூன்றும் செக்குமாடுபோல் சுற்றின, ஒவ்வொரு சுற்றிலும் மொச்சை வேகிற மணத்தைத் தாண்டிப் போயின, ஹெப்சிபா நின்றுகொண்டிருந்தாள், கதவோரம் சாய்ந்த தடியைப் பார்த்தபடி, எந்த உயரம்வரை என்று பார்த்தபடி. ஏரி அவர் நெஞ்சுக்குள் வந்து படுத்துக்கொண்டது, சத்தமில்லாமல். நேதன் கார்ட்லண்ட் எதிர் பெஞ்சில் கைகளைக் கட்டிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் பதினெட்டு என்ற எண் தெரியும். அவன் முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி பரவுவதைப் பார்த்தபோது, அந்த நிம்மதிக்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பாவிக்குத் தெரியாது, என்று அமாசா நினைத்தார், ஒரு கணம் அவனுக்காகக்கூட இரக்கப்பட்டார்.

டீக்கன் தொண்டையைக் கனைத்தார். இனித் தள்ளிப்போட ஒன்றுமில்லை, நிர்வாகிகள் தேர்தல், சீட்டுகளைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்றார். பெஞ்சுகள் கிறீச்சிட்டன. அந்தச் சத்தத்துக்கு அடியில் அமாசாவுக்கு வேறொரு சத்தம் கேட்டது, தூரத்தில், ஒரு மனிதக் குரல் மாதிரி, அல்லது கதவுக் கீல் மாதிரி, அல்லது பத்தொன்பது வயதில் கேட்ட குதிரையின் குரல் மாதிரி. கால்கள் நிமிர்ந்தன. அவர் எழுந்து நிற்கிறார் என்பது நின்ற பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. நூற்றி நாற்பது முகங்கள் திரும்பின. மிட்டாய் இன்னும் வாயில் இருந்தது. அதை விழுங்கினார். சொல்லப்போகிறேன் என்று தெரிந்தது. வார்த்தைகள்கூட வரிசையில் வந்து நின்றுவிட்டன: தலைவர் அவர்களே, சனிக்கிழமை நான். அதற்கு மேல் என்ன என்று தேடவேண்டியதில்லை, அவையாகவே வரும். கயிறு கையில் இருக்கிறது, இழுக்கவேண்டியதுதான். வாயைத் திறந்தார்.

கதவு திறந்தது. லெமுவல் பிளேக் உள்ளே வந்தான். அவன் பின்னால் ஆஷர், பெரிய டட்லி, சின்ன டட்லி, ஒவ்வொருவராகப் பதினெட்டுப் பேர். இடுப்புவரை சேறு. கரையைச் சுற்றிப் பதினோரு மைல் நடந்து வந்த சேறு. யாரும் பாடவில்லை. பூட்ஸ்களிலிருந்து சேறு கட்டி கட்டியாகத் தரையில் விழுந்தது. அமாசா தன் வாழ்நாளில் பார்த்த மிக அழகான பொருள் அதுதான்.

“நின்னுக்கிட்டிருக்கீங்களே, ஹோபர்ட்,” என்றார் டீக்கன். “என்ன சொல்லணும்?”

அமாசா சுற்றிலும் பார்த்தார். பிறகு, “அடுப்பு புகையுது,” என்றார். யாரோ எழுந்துபோய் அடுப்பின் புகைத்தட்டைத் திருகினார்கள். அவர் உட்கார்ந்தார்.

லெமுவல் வந்து பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தொடையிலிருந்து குளிர் அவர் தொடைக்கு ஏறியது. அவன் முன்னால் பார்த்தபடியே, பல்லுக்கிடையில் பேசினான். “உன் கிளையை நம்பி வந்திருந்தா இந்நேரம் மீனுக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்போம், அமாசா. விடியக்காலையில கோடாலியால ஒரு தட்டு தட்டிப் பாத்தேன். கூழ்.”

“ஏன் பிடுங்கலை?” என்றார் அமாசா. குரல் அவருக்கே கேட்கவில்லை.

“நீ எழுதின சட்டம்தானே. உன் உத்தரவில்லாம தொட்டா குற்றம். எதுக்கு வம்பு?” சேறு படிந்த கையால் சீட்டில் ஒரு பெயரை எழுதினான். எழுதி முடித்தபிறகு மறுபடி சொன்னான்: “உனக்குத் தெரியாமப் போச்சா?”

அமாசா பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் அதிகமில்லை. “நாளைக்குப் பிடுங்கிடறேன்,” என்றார்.

லெமுவல் அவரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு எழுந்துபோய்ப் பெட்டியில் சீட்டைப் போட்டான். பின்னாலிருந்து பெப்பர்மின்ட் வாசனையோடு ஒரு கை வந்து அமாசாவின் தோளை மறுபடி தட்டியது. ஜாபெஸ் க்விம்பியின் ஓட்டும் அவருக்குத்தான். ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் அவர் ஜெயித்தார். மத்தியானம் ஹெப்சிபாவின் மேஜையில் லெமுவல் மூன்று தட்டு மொச்சை தின்றான். ஐஸைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அவள் மட்டும் பரிமாறும்போது ஒருமுறை தம்பியின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். சாப்பிட்டு முடித்ததும் அமாசாவுக்குத் தூக்கம் வந்தது, நாலு நாளாக வராத தூக்கம். புதன்கிழமை முழுக்க வாழ்த்துச் சொல்ல ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். சாயங்காலம் ஜன்னல் வழியே பார்த்தார். பயம் இருந்தவரை ஏரி அவர் நெஞ்சுக்குள் இருந்தது. இப்போது அது ஏரி இருக்கவேண்டிய இடத்தில், கரைக்கு அப்பால், வெள்ளையாக, யாருக்கும் சம்பந்தமில்லாததுபோல் கிடந்தது. அன்றிரவு கொஞ்சம் குளிர்ந்தது, மேலே மெல்லிசாகப் புதுப்பனி விழுந்து பழைய சுவடுகளையெல்லாம் மூடியது. வியாழக்கிழமை விடிந்தபோது கிளைகள் பச்சையாக, எடுப்பாகத் தெரிந்தன.

அந்த வாரத்துத் தபால் கிழக்குக் கரைக்குச் சனிக்கிழமைதான் போய்ச் சேர்ந்தது. கடிதங்கள் நனைந்திருந்தன. கரையைச் சுற்றி அவற்றைக் கொண்டுபோனவர் ஜாபெஸ் அல்ல, வேறு ஆள்.